ஒன்பதாம் எண் வாக்கியம்

ஜூன் 9 — 40
ஜூன் 12 — 70
ஜூலை 3 — 10
ஜூலை 21 — 120
ஆகஸ்ட் 8 — 30
செப்டம்பர் 29 — 0

ஆசிரியர்கள் அறையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே இருந்த அறிவிப்புப் பலகையில் இந்தத் தாள் குத்தப்பட்டிருந்தது. பிழை ஒன்றுக்குப் பத்து அபராதம். பெற்றோருக்குப் போகிற எந்த எழுத்தும், டைரியில் எழுதும் ஒற்றை வரியானாலும், முதலில் தலைமை ஆசிரியையின் மேசைக்குப் போக வேண்டும். அங்கே சிவப்பு மையில் வட்டங்கள் விழும். வட்டங்களை எண்ணித் தொகை எழுதி, வட்டம் விழுந்த எழுத்தின் நகலையும் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். பணம் போவதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நகல் தொங்குவதுதான் உயிரை வாங்கியது.

கடைசி வரியில் இருக்கும் பூச்சியம் கணக்கு டீச்சருடையது.

இந்த ஏற்பாடு ஒரு தலைமுடியால் வந்தது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் வரலாறு சார் ஒரு பையனின் டைரியில், "தங்கள் மகனின் தலைமுடியை வெட்டி அனுப்பவும் என தெரிவித்து கொள்ளபடுகிறது" என்று எழுதினார். பையனின் அப்பா குறும்புக்காரர். வெட்டிய முடியை ஒரு உறையில் போட்டு, "அனுப்பியுள்ளோம். ரசீது தரவும்" என்று எழுதி அனுப்பினார். அனுப்புவதற்கு முன் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஊரில் உள்ள கைப்பேசிகளில் எல்லாம் அந்தப் படம் இருந்தது. "இரண்டு பட்டம் வாங்கியவர் எழுதிய லட்சணம்" என்று கீழே ஒரு வரி.

தலைமை ஆசிரியை அன்று மாலையே கூட்டம் போட்டார்.

"படிச்சவங்கதானே எல்லாரும்? 'மாணவர்கள் வந்தது'ன்னு எழுதறீங்க. 'பெற்றோர்கள் கையெழுத்து போட்டு அனுப்பவேண்டியது'ன்னு எழுதறீங்க. இதைப் படிச்சிட்டு யாரு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பா?"

உடற்பயிற்சி சாருக்கு 'விசில்' என்று பெயர். அவர் கையைத் தூக்கினார். "மேடம், நான் ஊதறதோட சரி. அதுல ஒற்றுப் பிழை வராது."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அன்று ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

கணக்கு டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுக்கும்வரை இறுக்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருட அனுபவம். அவரிடம் படித்த பிள்ளைகள் பின்னம் என்றால் பயப்பட மாட்டார்கள். எண்கள் அவர் சொன்னபடி கேட்கும். வாக்கியங்கள் கேட்காது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது ஒருவர் இருப்பார், முடிக்கும்போது வேறு யாரோ இருப்பார்கள். எங்கே ஆள் மாறினார் என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

அவருக்கு இருபத்து நான்கு வயதில் முதல் வேலை கிடைத்தது. வேறு ஒரு பள்ளி. காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்டு அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த தலைமை ஆசிரியர் அதை ஆசிரியர் கூட்டத்தில் எடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். "'எனக்கு காய்ச்சல் வந்துள்ளபடியால் நான் வருவதற்கு இயலாதிருக்கின்றன.' எத்தனை பேரும்மா காய்ச்சல்ல படுத்திருக்கீங்க?" அறையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று வீட்டில் சொல்லவில்லை. பின்னால் மின்சாமான் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவரிடமும் சொல்லவில்லை.

அந்த இடத்தில்தான் அவருக்கு ஒரு பழக்கம் பிறந்தது. யாராவது பெரியவர்கள் எழுதி, யாரும் குறை சொல்லாத வாக்கியம் கண்ணில் பட்டால் மனப்பாடம் செய்துவிடுவார். வாய்ப்பாடு மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். காலப்போக்கில் இருபத்தாறு வாக்கியங்கள் சேர்ந்தன. மூன்றாம் எண்: 'வீட்டுப்பாடங்களைத் தவறாமல் முடித்து வருகிறார்.' ஒன்பதாம் எண்: 'பாடங்களில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.' பதினான்காம் எண்: 'தொடர்ந்து கண்காணித்து வருகிறோம்.' இந்த இருபத்தாறுக்கு வெளியே அவர் எழுதுவதே இல்லை. பிள்ளை எப்படி இருந்தாலும் இவற்றில் ஏதோ ஒன்று பொருந்தும் அல்லது பொருந்தும்படி செய்துகொள்ளலாம்.

புது ஏற்பாடு வந்த பிறகு மற்றவர்கள் திண்டாடினார்கள். விசில் எல்லா டைரியிலும் 'நன்று' என்று மட்டும் எழுதினார். வரலாறு சார் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெற்றோருக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார். ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்து, இனி எவரும் பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, எதுவானாலும் எழுத்தில்தான் என்று உத்தரவு வந்தது. கணக்கு டீச்சரின் தாள் மட்டும் வட்டம் விழாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"உங்க ரகசியம் என்ன டீச்சர்?" என்று வரலாறு சார் கேட்டார்.

"கம்மியா எழுதறதுதான் சார்" என்றார்.

ஆகஸ்ட் 11 அன்று ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குரல் மிக மெலிதாக இருப்பதால் பிள்ளைகள் அவளைக் குருவி என்பார்கள். பாதிக் கணக்கில் சாக்பீஸ் நின்றது. யோசிக்கிறாள் என்று நினைத்தார். அருகில் போய்ப் பார்த்தால் கண் எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தோளைத் தொட்டார். அரை நிமிடம் இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.

"என்னாச்சு உனக்கு?"

"என்ன மிஸ்? தப்பா போட்டுட்டேனா?"

பின் வரிசையில் ஒருவன், "குருவி கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குது மிஸ்" என்றான். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு முறை. செப்டம்பரில் இரண்டு முறை. ஒரு தடவை கையில் இருந்த தண்ணீர்ப் புட்டி நழுவி விழுந்தும் அவளுக்குத் தெரியவில்லை. டீச்சருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் பெண் தினமும் பெரிய சாலையைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறாள். நடுச்சாலையில் இப்படி நின்றால்?

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார்.

"அப்படியா? எழுதிக் கொடுங்க டீச்சர். டைரில போட்டு அம்மாவுக்கு அனுப்பலாம்."

"நேர்ல சொல்லிட்டா..."

"எழுத்துலதான். உங்களுக்கென்ன, நீங்கதான் பிழையே விடறதில்லையே!"

குருவியின் அம்மா சீருடை தைக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். காலையில் மகளுக்கு முன்பே கிளம்பிவிடுவார், இருட்டிய பிறகுதான் திரும்புவார். பள்ளி வாசலில் பார்க்க வழியில்லை. உத்தரவை மீறி டீச்சர் ஒருமுறை கழிப்பறைக்குள் நின்று தொலைபேசியில் அழைத்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலை நேரத்தில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம்.

செப்டம்பர் 29 மதிய இடைவேளையில் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் வேறொரு தாளில் எழுதிப் பார்த்தார். 'தங்கள் மகள் வகுப்பில் சில நேரங்களில் அவளுடைய கண்கள் ஒரே இடத்தில் நிற்கிறது.' மகளில் தொடங்கிக் கண்ணில் முடிந்துவிட்டதே. நிற்கிறதா, நிற்கின்றனவா? அடித்தார். 'கூப்பிட்டால் கேட்காமல் இருக்கிறாள்.' இது சொல்பேச்சுக் கேட்காத பெண் என்று ஆகிவிடும். அடித்தார். 'கூப்பிடுவது கேட்காதபடிக்கு அவள் ஆகிவிடுவதாக எங்களால் காணப்படுகிறார்.' இதைப் படித்ததும் பழைய பள்ளியின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. இந்தத் தாள் பலகையில் தொங்குவதாக நினைத்துப் பார்த்தார். எதிரே விசில் நின்று வாசிக்கிறார். பியூன் வாசிக்கிறார். யாரோ படம் எடுக்கிறார்கள்.

மணி அடித்தது. தாளைக் கிழித்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். டைரியில் ஒன்பதாம் எண்ணை எழுதினார். 'பாடங்களில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.' அம்மா படித்துவிட்டு என்னவென்று விசாரிக்க வருவார், வந்ததும் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். டைரி அரைமணியில் திரும்பி வந்தது. வட்டம் ஒன்றுமில்லை.

அம்மா வரவில்லை. கையெழுத்து மட்டும் வந்தது.

"அம்மா டைரியைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க மிஸ். விளையாடக் கூடாதுன்னுட்டாங்க. சாயங்காலம் பாட்டு கிளாஸையும் நிறுத்திட்டாங்க. நான் இனிமே கவனமா இருக்கேன் மிஸ்."

அன்றிலிருந்து அந்தப் பெண் வகுப்பில் முதுகை விறைத்துக்கொண்டு, இமை கொட்டாமல் பலகையையே பார்த்தாள். டீச்சருக்கு அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. கவனமாக இருக்கிறாளா, இல்லாமல் போய்விட்டாளா என்று இப்போது பிரித்தறியவும் முடியவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் இன்னொரு குறிப்பு அனுப்பினார். பதினான்காம் எண். அதற்கும் பூச்சியம்தான்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கை நின்றுவிடும். "என்னம்மா, தட்டுலயும் கணக்கா?" என்பார் கணவர். "ஒண்ணுமில்லைங்க" என்று எழுந்துவிடுவார்.

அக்டோபர் 17 காலை இரண்டாம் பாடவேளை முடிந்து பிள்ளைகள் மாடிப்படியில் இறங்கினார்கள். குருவி நடுப்படியில் நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மறு நொடி அவள் கையை ஊன்றாமல், கத்தாமல், ஒரு மூட்டையைப் போல உருண்டு கீழே விழுந்தாள்.

மருத்துவமனைக்கு வகுப்பாசிரியர் என்ற முறையில் கணக்கு டீச்சரைத்தான் அனுப்பினார்கள். கிளம்பும்போது தலைமை ஆசிரியை வாசல்வரை வந்தார். முகம் வெளிறியிருந்தாலும் பேச்சில் ஒரு தெம்பு இருந்தது.

"நல்லவேளை டீச்சர், நாம எழுதியிருக்கோம். கவனம் வேணும்னு எழுத்துலயே கொடுத்திருக்கோம். அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நம்மை யாரும் ஒண்ணும் கேட்க முடியாது."

டீச்சர் வண்டியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இடது கையில் எலும்பு முறிவு, நெற்றியில் நான்கு தையல். அம்மா வேலை உடையோடு ஓடி வந்திருந்தார், நூல்பிசிறுகள் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. மருத்துவர் இளைஞர், களைத்துப்போயிருந்தார்.

"தவறி விழுந்தாளா, மயக்கம் வந்து விழுந்தாளா?"

குருவி, "தெரியல" என்றாள்.

அம்மா முந்திக்கொண்டார். "கவனமே இல்லாத பொண்ணு டாக்டர். டீச்சரே எழுதி அனுப்பியிருக்காங்க. எவ்வளவு சொன்னாலும் எங்கயோ பாத்துக்கிட்டே நடப்பா."

"சரி. கட்டுப் போட்டாச்சு. சாயங்காலம் கூட்டிட்டுப் போகலாம்." மருத்துவர் சீட்டில் எழுதத் தொடங்கினார்.

இவ்வளவுதான். கட்டு, மாத்திரை, வீடு. நாளைக்கு அதே சாலை. பேனா சீட்டின் அடிவரிக்கு வந்துவிட்டது.

"டாக்டர்... சில நேரம் அவ அப்படியே நின்னுடுவா."

பேனா நின்றது. "எப்படி?"

"கண்ணு திறந்திருக்கும். கூப்பிட்டா தெரியாது. வாய் மட்டும் அசையும். ஆகஸ்ட்ல இருந்து நாலு தடவை பாத்திருக்கேன்."

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதை யாருமே சொல்லலையே! இது நரம்பு சம்பந்தப்பட்டதா இருக்கலாம். பெரிய டாக்டருக்கு அனுப்பணும். அவர் முதல்ல கேக்கறது கண்ணால பாத்தவங்க சொல்றதைத்தான். என்னைக்கு, எவ்வளவு நேரம், கை உதறிச்சா, அப்புறம் எப்படி இருந்தா, எல்லாத்தையும் எழுதி, ஸ்கூல் சீல் வச்சு, நாளைக்குக் காலைல கொண்டுவாங்க. அதுவரைக்கும் பாப்பா இங்கேயே இருக்கட்டும்."

அவர் போன பிறகு அம்மா மெதுவாகத் திரும்பினார்.

"ஆகஸ்ட்ல இருந்தா மிஸ்?"

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் கவனம் இல்லைன்னு எழுதினீங்க? நான் அவளை ஸ்கேலால அடிச்சேன் மிஸ். கண்ணு எங்கடி போகுதுன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன்."

இலக்கணத்துக்குப் பயந்தேன் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

மருத்துவமனை நடையில் மரப்பலகையில் உட்கார்ந்து எழுதினார். இருபத்தாறில் ஒன்றுகூட உதவவில்லை. உள்ளங்கை வியர்வையில் தாள் ஒட்டியது. அடித்து அடித்து எழுதிய பிறகு, அடிப்பதற்கும் நேரமில்லை என்று அப்படியே எழுதினார். 'கணக்கு போட்டு கொண்டு இருக்கும் போது சாக்பீஸ் நின்றுவிட்டது. கண்கள் அசையவில்லை வாய் மட்டும் மெல்லுவது போல் இருந்தது. பெயர் சொல்லி கூப்பிட்டேன் தோளை தொட்டேன் தெரியவில்லை. அரை நிமிடம். பிறகு விட்ட இடத்தில் இருந்தே எழுதினார்கள்.' நான்கு நாட்களையும் தேதியோடு எழுதி, கடைசியில், 'இதை நான் அம்மாவுக்கு முன்பே சொல்லாதது என் தவறு' என்று சேர்த்தார்.

மறுநாள் காலை அதை முத்திரைக்காகத் தலைமை ஆசிரியையின் மேசையில் வைத்தபோது, வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. அவர் படித்தார். முதல் வரியிலேயே சிவப்பு வட்டம். அப்புறம் வட்டத்துக்கு மேல் வட்டம். பாதியில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன டீச்சர் இது? இத்தனை வருஷமா பிழையே விடாத நீங்களா எழுதினீங்க?"

"ஆமா மேடம்."

"தமிழ் ஐயாகிட்ட கொடுக்கறேன், திருத்தி வாங்கிக்கோங்க."

கால் மணியில் தமிழ் ஐயா திருத்திய படியையும் மூலத்தையும் கொண்டுவந்தார். திருத்தியதில் ஒரு வட்டத்துக்கும் இடமில்லை. 'மாணவி அண்மைக் காலமாகச் சற்றுச் சோர்வுடன் காணப்பட்டாள். இது குறித்துப் பெற்றோருக்கு உரிய நேரத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது.' அவ்வளவுதான். தேதிகளும் இல்லை, அசைந்த உதடும் இல்லை.

"நான் ஒற்றும் பன்மையும்தான் பாத்தேன்" என்று ஐயா காதோடு சொன்னார். "மத்ததை எடுக்கச் சொன்னது மேடம். கையெழுத்துப் போட்டுடுங்க டீச்சர். எதுக்கு வம்பு?"

எத்தனை அழகான வாக்கியங்கள்! இருபத்தேழு, இருபத்தெட்டு என்று எண் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். டீச்சர் மூலத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். "டீச்சர்! நில்லுங்க!" என்ற குரல் பின்னால் கேட்டது. திரும்பினால் நின்றுவிடுவோம் என்று தெரிந்ததால் திரும்பவில்லை.

மருத்துவர் தாளைப் பிரித்தார். சிவப்பு வட்டங்களைப் பார்த்து ஒரு கணம் புருவத்தைத் தூக்கினார்.

"சீல் இல்லையா?"

"இல்ல டாக்டர். பாத்தது நான். கையெழுத்து இருக்கு."

முழுவதையும் படித்தார். "வாய் அசைஞ்சப்போ கை ஏதாவது பண்ணிச்சா?"

"இடது கைவிரல் பாவாடையைத் தடவிக்கிட்டே இருந்துச்சு."

"அதையும் எழுதுங்க." அந்தத் தாளையே திருப்பிக் கொடுத்தார். வட்டங்களுக்கு நடுவே இருந்த இடத்தில் டீச்சர் எழுதினார். அம்மா தோளுக்குப் பின்னால் நின்று கடைசி வரிவரை வாசித்தார்.

பெரிய மருத்துவர் சோதனைகள் செய்து, வலிப்பில் இது ஒரு வகை என்றார். தினம் இரண்டு வேளை மாத்திரை. தனியாகச் சாலையைக் கடக்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது.

பள்ளியின் முதல் கடிதம் அக்டோபர் 22 அன்று வந்தது. அனுமதியின்றி வெளியாருக்கு ஆவணம் கொடுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. அந்தப் பக்கமும் வட்டங்களோடு பலகையில் தொங்கியது, தொகை 160. யாரும் அதன் எதிரே நிற்கவில்லை, விசில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகழுவினார். நவம்பர் 14 அன்று நிர்வாகக் குழுவின் முன் வரச் சொல்லி இரண்டாவது கடிதம். போனார். ஆறு பேர் நீளமேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவருடைய விளக்கத்தைக் கையில் வைத்திருந்தார்கள். அந்தக் காகிதம் கைமாறும் சத்தத்துக்கே அவர் உடம்பு ஒவ்வொரு முறையும் தூக்கிப்போட்டது. முடிவைத் தபாலில் தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அதன்பின் பியூன் வராந்தாவில் நடந்தால் போதும், சாக்பீஸ் பிடித்த கை நின்றுவிடும்.

"என்ன பண்ணிடுவாங்க?" என்றார் கணவர். இப்போது அவருக்கு எல்லாம் தெரியும். "போனா போகட்டும். கடைல பில்லு போட ஆள் இல்லாம நானே கஷ்டப்படறேன்."

"பில்லுலயும் எழுதணுமேங்க."

"பல்புன்னு எழுதத் தெரியாதா உனக்கு? தப்பா எழுதினாலும் எரியும், பயப்படாதே."

டீச்சர் சிரித்துவிட்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் குருவியின் அம்மா பள்ளி வாசலில் காத்திருந்தார். மகளைக் கொண்டுவந்து விட்டு, கூட்டிப் போவதற்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். சம்பளத்தில் பிடித்தம் உண்டு.

"மாத்திரை கேக்குது மிஸ். ஆறு வாரமா ஒரு தடவைகூட வரல."

"ரொம்ப சந்தோஷம்மா."

"உங்களை நான் இன்னும் மன்னிக்கல. அதையும் சொல்லிட்டுப் போகலாம்னுதான் நின்னேன்." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினார். அவர்கள் அந்தக் கரை சேரும்வரை டீச்சர் வாசலிலேயே நின்றார்.

கடைசிக் கடிதம் பள்ளியின் முகவரிக்கே வந்தது. எட்டாம் வகுப்பில் பாதிக் கணக்கில் இருந்தபோது பியூன் கதவருகே வந்து நின்றார். கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையை மேசைமேல் வைத்துவிட்டுக் கணக்கை முடித்தார். விடையின் கீழே கோடு போட்டபோது கோடு வளைந்துபோனது. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது பிரித்தார். நான்கு வரி. ஜனவரி முதல் அவருடைய பணி தேவைப்படாது என்றும், பொறுப்புகளை மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும் இருந்தது. வந்த தேதி டிசம்பர் 12.